லீஃப்லெட் போடும் வேலை: 1000க்கு 40 பவுண்டு என்றால் மணிக்கு எவ்வளவு?

லண்டனுக்கோ லெஸ்டருக்கோ வந்து இறங்கிய சில வாரங்களில் எல்லார் கண்ணிலும் படும் விளம்பரம் ஒன்று உண்டு. வீடு வீடாக லீஃப்லெட் (விளம்பரத் தாள்) போட ஆள் தேவை, முன் அனுபவம் வேண்டாம், ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்கு வசதியான நேரத்தில் செய்யலாம் என்று அதில் இருக்கும். படிக்க வந்த பிள்ளைகள், கணவர் அல்லது மனைவியின் விசாவில் வந்து வீட்டில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: இந்த வேலையை எடுக்கலாமா, இல்லை கடையிலோ உணவகத்திலோ ஷிஃப்ட் கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாமா?

நிறுவனத்திடம் கட்டுகளை வாங்கி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்குப் போடுவது பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதே தெருவில் அதே கதவுகளுக்குப் போடும் வேலையை வேறு ஏற்பாட்டில் செய்தால் கட்டுப்படியாகும் வழிகள் இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, மணிக்குக் கையில் நிற்கும் தொகை. இந்த வேலையில் கூலியை ஒருபோதும் மணிக்கணக்கில் சொல்லமாட்டார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு, ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். அதை மணிக்கணக்குக்கு மாற்றாமல் எந்த வேலையோடும் ஒப்பிட முடியாது.

இரண்டாவது, உங்கள் விசாவில் அதைச் செய்ய அனுமதி இருக்கிறதா என்பது. மாணவர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, நட்டம் யார் தலையில் விழுகிறது. மழை, புகார், பூட்டிய கட்டடம், தவறான வரைபடம் எல்லாம் வரும். அந்த நேரத்துக்கு யார் பணம் தருகிறார்கள்?

இவற்றுக்குப் பிறகு உடம்பு தாங்குமா, நேரத்தை நாமே வைத்துக்கொள்ள முடியுமா, அடுத்த வேலைக்குக் காட்ட ஒரு சான்று கிடைக்குமா என்று பார்க்கலாம். நேரச் சுதந்திரத்தைத்தான் விளம்பரங்கள் பெரிதாகப் பேசுகின்றன. குழந்தையைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவதற்கு இடைப்பட்ட நேரம் மட்டுமே உள்ள ஒருவருக்கு அது உண்மையான மதிப்புதான். அந்த மதிப்புக்கு மணிக்கு எவ்வளவு இழக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

## முதலில் கணக்கு

ஒரு ரவுண்டு என்பது 1000 வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் 5 விதமான லீஃப்லெட், ஆயிரம் தாளுக்கு 8 பவுண்டு, மொத்தம் 40 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம்.

எடையிலிருந்து தொடங்குவோம். ஏ5 அளவில் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) தாள் ஒன்று ஏறத்தாழ 4 கிராம். ஆயிரம் தாள் 4 கிலோ. ஐந்து விதமும் சேர்த்து 20 கிலோ. தோள்பையில் ஒரே நடையில் கொண்டுபோக முடியாது. ட்ராலி வேண்டும், அல்லது வீட்டுக்கு வந்து வந்து எடுத்துப் போக வேண்டும்.

அடுத்தது அடுக்கும் வேலை. ஐந்து விதத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால்தான் கதவருகில் ஒரே தடவையில் போடலாம். ஒரு செருகலுக்கு 2 வினாடி என்று வைத்தாலும் 4000 செருகலுக்கு 2 மணி 15 நிமிடம் ஆகிறது. வரவேற்பறையில் குடும்பமே உட்கார்ந்து செய்வதால் இது வேலையாகவே தோன்றுவதில்லை. கூலியிலும் இதற்குத் தனி இடம் கிடையாது.

பிறகுதான் நடை. சுவரோடு சுவர் ஒட்டிய டெரஸ் வீடுகளில் வாசல் அகலம் 5 மீட்டர், கேட்டிலிருந்து கதவு 3 மீட்டர் என்றால் வீட்டுக்கு 11 மீட்டர், ஆயிரம் வீட்டுக்கு 11 கிலோமீட்டர். இரண்டிரண்டாக நிற்கும் செமி வீடுகளில் அகலம் 9 மீட்டர், உள்ளே நடை 7 மீட்டர். ஆயிரத்துக்கு 23 கிலோமீட்டர் ஆகிவிடும். தனித்தனியாக, நீண்ட கார் பாதையோடு நிற்கும் டிடாச்ட் வீடுகளில் இன்னும் கூடும்.

பழகிய கால்களுக்குச் சாதாரணமாக வரும் வேகத்தை வைத்து அட்டவணை போட்டால் இப்படி வருகிறது. அடுக்க 2 மணி 15 நிமிடமும், கட்டு வாங்கி வைக்கவும் பக்கத்து ஏரியாவுக்கு நடந்து போய்வரவும் 45 நிமிடமும், ஆக 3 மணி நேரம் சேர்த்திருக்கிறது.

| வீட்டு வகை | மணிக்குப் போடும் வீடுகள் | 1000 வீட்டுக்கு நடை நேரம் | மொத்த நேரம் | 40 பவுண்டில் மணிக்கு |
|---|---|---|---|---|
| டெரஸ் | 150 | 6 மணி 40 நிமிடம் | 9 மணி 40 நிமிடம் | 4.14 பவுண்டு |
| செமி | 110 | 9 மணி 5 நிமிடம் | 12 மணி 5 நிமிடம் | 3.31 பவுண்டு |
| டிடாச்ட் | 70 | 14 மணி 17 நிமிடம் | 17 மணி 17 நிமிடம் | 2.31 பவுண்டு |

இது நடந்தே போகும் தூரத்தில் உள்ள ஏரியாவுக்கான கணக்கு. லண்டன் பஸ் ஒருமுறைக்கு 1.75 பவுண்டு என்று வைத்தால், டெரஸ் ரவுண்டை முடிக்க இரண்டு நாள் போய்வருவதற்கு 7 பவுண்டு போகும். மிச்சம் 33 பவுண்டு. பஸ்ஸில் கழியும் நேரத்தைச் சேர்க்காமலேயே மணிக்கு 3.41 ஆகிவிடுகிறது. 50 பவுண்டு காலணி 800 கிலோமீட்டர் தாங்கும் என்றால் செமி ரவுண்டு ஒவ்வொன்றிலும் 1.40 பவுண்டுக்கு மேல் அதற்கே தேய்கிறது.

2026 ஏப்ரல் முதல் பிரிட்டனில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு, 18 முதல் 20 வயதுவரை 10.85, 16, 17 வயதினருக்கு 8 பவுண்டு. அட்டவணையின் கடைசிக் கட்டத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

## தெரிவு 1: நிறுவனத்தின் கட்டு, ஆயிரத்துக் கூலி

இவ்வளவு குறைந்த கூலி எப்படிச் சட்டப்படி கொடுக்கப்படுகிறது என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் உங்களைச் சுயதொழில் செய்பவர் என்று எழுதிவிடுவார்கள். சுயதொழிலுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. ஆனால் காகிதத்தில் எழுதியதால் மட்டும் ஒருவர் சுயதொழிலர் ஆகிவிடமாட்டார். எந்தத் தெரு, எந்த நாளுக்குள், எப்படி மடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்களே தீர்மானித்து, உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பவும் விடாமல், விலை பேசவும் இடம் தராவிட்டால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் தொழிலாளராக இருக்க வாய்ப்பு அதிகம்.

தொழிலாளருக்கு எண்ணிக்கைக் கூலி கொடுக்கலாம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலாளி எந்த நேரத்தில் வேலை நடக்கிறது என்று கட்டுப்படுத்தாதபோது மட்டும் இது பொருந்தும். முதலில் தன் ஆட்களை வைத்துச் சோதித்து, சராசரியாக மணிக்கு எத்தனை போட முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சராசரியை 1.2 ஆல் வகுக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்தை அந்த விடையால் வகுத்தால் வருவதுதான் ஒன்றுக்கான நியாயக் கூலி. சராசரியைவிடச் சற்று மெதுவாக நடப்பவருக்கும் குறைந்தபட்சம் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த 1.2.

டெரஸ் வீடுகளுக்கே போட்டுப் பார்ப்போம். மணிக்கு 150, 1.2 ஆல் வகுத்தால் 125. 12.71ஐ 125 ஆல் வகுத்தால் வீட்டுக்கு 10.2 பென்ஸ், ஆயிரத்துக்கு ஏறத்தாழ 102 பவுண்டு. அடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. அதோடு, வேலை தொடங்கும் முன்பே இந்தச் சராசரியையும் கூலியையும் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். சோதனையும் அறிவிப்பும் இல்லையென்றால் உழைத்த ஒவ்வொரு மணிக்கும் குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டியதுதான். ஆகவே எடுக்கும் முன் "உங்கள் மணிச் சராசரி எவ்வளவு, எந்த வகைத் தெருவில் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். நேர்மையான நிறுவனம் பதில் வைத்திருக்கும்.

மறைந்திருக்கும் அடுத்த செலவு பிடித்தம். போட்டு முடித்த பிறகு நிறுவனத்தின் ஆள் சில கதவுகளைத் தட்டி "கிடைத்ததா?" என்று விசாரிப்பார். வீட்டுக்காரர் தாளைப் பார்க்காமலேயே குப்பையில் போட்டிருந்தால் "இல்லை" என்றுதான் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காக ரவுண்டு முழுவதற்கும் கூலியை நிறுத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஜிபிஎஸ் கருவி தருகிற இடம் இதனால்தான் மேல்: நீங்கள் நடந்ததற்குச் சான்று அவர்களிடமே இருக்கும். கருவி தராவிட்டால் கைபேசியில் நடைப்பாதையைப் பதியும் செயலியை ஓடவிட்டு, ஒவ்வொரு தெருவின் பெயர்ப்பலகையையும் நேரத்தோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிக்கு முன்பணம், பயிற்சிக்குக் கட்டணம், பதிவுக்கு 20 பவுண்டு என்று கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். வேலை தேடித் தருவதற்காக ஆட்களிடம் கட்டணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு முகமைச் சட்டம் தடுக்கிறது.

இது எப்போது பொருந்தும்? உங்கள் சொந்தத் தெருவைச் சுற்றியே ரவுண்டு அமைந்து, வீடுகள் நெருக்கமான டெரஸ் அல்லது கீழ்த்தளத்தில் தபால்பெட்டிகள் வரிசையாக உள்ள அடுக்ககமாக இருந்து, நீங்கள் எப்படியும் தினமும் நடக்கிறவர் என்றால், ஓய்வு பெற்றவருக்குக் கைச்செலவுக்கான வழியாக இருக்கலாம். வேறு எந்த வேலைக்கும் நேரம் ஒத்துவராத ஒரு சில மாதங்களுக்கும் சரிதான். வாடகை கட்ட இதை நம்பக்கூடாது.

யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவித்தொகையில் குறையும். குழந்தை உள்ளவர்களுக்கும் உடல்நலக் குறைவால் வேலைத்திறன் குறைந்தவர்களுக்கும் மட்டும் ஒரு வரம்புவரை விலக்கு உண்டு. விலக்கு இல்லாதவருக்கு 3.31 என்பது கையில் 1.49 ஆகிவிடும்.

## தெரிவு 2: வேனில் போகும் குழு, மணிச் சம்பளம்

காலையில் டெப்போவில் கூடி, வேனில் ஏரியாவுக்குப் போய், மேற்பார்வையாளரின் வரைபடப்படி பிரிந்து போடுவது. ஜிபிஎஸ் கருவி கையில் இருக்கும். அடுக்கும் வேலை கிடையாது, எடையை வேன் சுமக்கும், பஸ் செலவு குறையும். சம்பளச் சீட்டு வரும்.

உண்மையாகவே மணிச் சம்பளமா என்பதைத்தான் இங்கே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். "நாளுக்கு 80 பவுண்டு, 1000 முடித்தால் வீட்டுக்குப் போகலாம்" என்பது மணிச் சம்பளம் அல்ல. அது ஆயிரத்துக் கூலிதான். செமி தெருவில் அந்த நாள் 9 மணி 5 நிமிட நடை; மணிக்கு 8.80. சம்பள நேரம் டெப்போவில் தொடங்குகிறதா, முதல் தெருவிலா என்றும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். லண்டன் போக்குவரத்தில் அந்த வித்தியாசம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட இடைவேளை சட்ட உரிமை.

உடம்புக்கு இது கடினமான தெரிவு. ஒரு நாளில் 15 முதல் 20 கிலோமீட்டர், மழையிலும் குளிரிலும், வாரத்தில் நான்கைந்து நாள். தெருவில் கழிப்பறை இருக்காது. மேற்பார்வையாளர் எந்த இடத்தில் வேனை நிறுத்தி ஓய்வு தருகிறார் என்பதைப் பெண்கள் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. முட்டி வலியோ குதிகால் வலியோ உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

நேரச் சுதந்திரமும் இல்லை. ஆனாலும் இந்த வேலையைத் தொழிலாகச் செய்ய வேண்டுமென்றால் முதல் தெரிவைவிட இது பல மடங்கு மேல். குறைந்தபட்ச ஊதியமாவது நிச்சயம், விடுமுறை ஊதியமும் சேரும்: நேரம் ஒழுங்கில்லாத வேலையில் உழைத்த மணிகளின் 12.07 சதவீதம் விடுமுறையாகச் சேர வேண்டும். 100 மணி உழைத்தால் 12 மணி நேரச் சம்பளம்.

## தெரிவு 3: கடை, உணவகம், கிடங்கு ஷிஃப்ட்

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கூலி தெரிந்தது, உரிமைகள் தெரிந்தவை. கிடைப்பதற்கு நேரம் எடுக்கும் என்பதுதான் குறை. விண்ணப்பம், நேர்முகம், ஷேர் கோடு (வேலை செய்யும் உரிமையை முதலாளிக்குக் காட்டும் இணையக் குறியீடு) வைத்து வேலை உரிமைச் சோதனை என்று சில வாரங்கள் போகும். ஷிஃப்ட் மாறும், மாலையும் வாரக்கடைசியும் போகும், இரவு ஷிஃப்ட் முடிந்து வர பஸ் இல்லாமல் போகலாம்.

ஆனால் மாணவர்களுக்கு இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடுகிறது. பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. திங்கள் தொடங்கி ஞாயிறுவரை ஒரு வாரம். அதற்குக் கீழ்நிலைப் படிப்பென்றால் 10 மணி. கூலி இல்லாத வேலையும் இந்தக் கணக்கில் வரும் என்பதால், அடுக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். மணிகளுக்கு உச்சவரம்பு இருக்கும்போது, ஒவ்வொரு மணியையும் மலிவாக விற்பதுதான் பெரிய நட்டம். 20 மணியைக் கடையில் கொடுத்தால் வாரத்துக்கு 254 பவுண்டு. டெரஸ் ரவுண்டில் கொடுத்தால் 83.

அதைவிட முக்கியமானது, மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே கூடாது. தெரிவு 1இன் ஒப்பந்தத்தில் "சுயதொழில் செய்பவர்" என்ற சொல் இருந்தால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் செய்தாலும் விசா நிபந்தனை மீறலாகக் கொள்ளப்படலாம். கையில் காசாக வாங்குவதால் அது மறைந்துவிடாது. ஷேர் கோடு கேட்காமலேயே வேலைக்கு எடுக்கும் இடத்தை மாணவர்கள் வசதியாக நினைக்கிறார்கள்; சிக்கல் வந்தால் அந்த நிறுவனத்துக்கு அபராதம், உங்களுக்குப் படிப்பே போகும்.

உணவு டெலிவரிக்கும் இதே விதிதான். டெலிவரூ ஓட்டிகள் தொழிற்சங்கப் பேரம் பேசும் உரிமைக்குரிய தொழிலாளர்கள் அல்ல என்று 2023 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அந்த நிறுவனம் அவர்களைச் சுயதொழிலர்களாகத்தான் வைத்திருக்கிறது. மாணவர் விசாவில் அதைச் செய்ய முடியாது. மற்றவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது இன்னும் மோசம். சுயதொழில் அனுமதி உள்ளவர்களுக்கு, சாப்பாட்டு நேரங்களில் லீஃப்லெட்டைவிட நல்ல வருமானம் வரலாம். ஸ்கூட்டர் என்றால் கூலிக்குப் பொருள் கொண்டுசெல்வதற்கான தனிக் காப்பீடு வேண்டும். சாதாரணக் காப்பீடு செல்லாது.

## தெரிவு 4: நீங்களே கடைகளிடம் வேலை பிடிப்பது

லண்டனின் டூட்டிங், ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இது எட்டும் தூரத்தில் இருக்கிறது; ஆனாலும் மிகச் சிலரே யோசிக்கிறார்கள். டேக்அவே, டியூஷன் ஆசிரியர், அழகு நிலையம், நகைக்கடை, கேட்டரிங் செய்பவர் என்று தமிழ் வியாபாரிகள் எல்லாரும் லீஃப்லெட் அடிக்கிறார்கள். அவர்கள் நிறுவனத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதிதான் நடப்பவருக்கு வந்து சேர்கிறது. நடுவில் இருப்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

விலை வைக்கும் முறை: ஒரே கடையின் தாளை 1000 டெரஸ் வீட்டுக்குப் போட அடுக்கும் நேரம் இல்லை; 6 மணி 40 நிமிடமும் ஒரு 45 நிமிடமும் சேர்த்து 7 மணி 25 நிமிடம். குறைந்தபட்ச ஊதியமாவது நிற்க வேண்டுமென்றால் 94 பவுண்டுக்குக் கீழே போகக்கூடாது. 40 பவுண்டு என்று பழகிய காதுகளுக்கு இது அதிகமாகக் கேட்கும். இரண்டு கடைகளைச் சேர்த்துப் போடும்போதுதான் இந்த வழியின் பலன் தெரியும். ஒவ்வொருவரிடமும் 65 பவுண்டு வாங்கினால் 130. அடுக்குவதற்கு அரை மணி நேரம் கூடும், மொத்தம் 8 மணி. மணிக்கு 16 பவுண்டுக்கு மேல். கடைக்காரருக்கும் தனியாகப் போடுவதைவிட 29 பவுண்டு மிச்சம். மூன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். எடையும் கூடும், கட்டாக வந்து விழுந்ததை வீட்டுக்காரர் பிரிக்காமலே குப்பையில் போடுவார். ஒரே தொழில் செய்யும் இருவரின் தாளை ஒன்றாகப் போடுவதும் கூடாது. முன்கூட்டியே இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

உணவகத் தாள் வியாழன், வெள்ளியில் விழ வேண்டும். டியூஷன் தாள் பள்ளி திறக்கும் முன், ஆகஸ்ட் கடைசி வாரத்தில். "இத்தனை வாடிக்கையாளர் வருவார்கள்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். இத்தனை கதவுக்குப் போட்டேன் என்பதை மட்டும் நடைப்பாதைப் பதிவோடு காட்டுங்கள். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிவிடுங்கள். தெரிந்தவர், உறவுக்காரர் என்று காசைத் தள்ளிப்போடுவதுதான் இந்த வழியில் அதிகம் நடக்கும் கோளாறு.

வரி விஷயம் எளிது. ஒரு வரியாண்டில், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, செலவு கழிக்காத மொத்த வரவு 1000 பவுண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் அந்த ஆண்டு முடிந்த பிறகு வரும் அக்டோபர் 5க்குள் சுயமதிப்பீட்டுக்குப் பதிய வேண்டும். வேறு வருமானம் எதுவும் இல்லாமல் மொத்தம் 12,570 பவுண்டுக்குள் இருந்தால் வருமான வரி வராது. பதிவும் வரிக் கணக்குத் தாக்கலும் மட்டும் தேவை. உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டால் முதலாளிக்கான கட்டாயக் காப்பீடு உங்கள் பொறுப்பு.

கதவுப்பெட்டிக்குள் போடுவதற்குக் கவுன்சில் அனுமதி வேண்டாம். ஸ்டேஷன் வாசலிலும் கடைத்தெருவிலும் ஆட்களின் கையில் கொடுப்பது வேறு கதை: 2005ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு கவுன்சில்கள் சில பகுதிகளைக் குறித்து, அங்கே அனுமதி இல்லாமல் விளம்பரத் தாள் கொடுப்பதைக் குற்றமாக்கலாம். அபராதச் சீட்டு தாளைக் கொடுத்தவரின் பெயரிலும் வரலாம், கொடுக்கச் சொன்ன கடைக்காரரின் பெயரிலும் வரலாம். கடைக்காரர் கேட்டாலும் கவுன்சிலிடம் விசாரிக்காமல் நிற்காதீர்கள்.

துணையின் விசாவில் இருப்பவர்களுக்கும், படிப்பு முடித்து கிராஜுவேட் விசாவில் இருப்பவர்களுக்கும் சுயதொழில் செய்யலாம் என்பதால் இந்தத் தெரிவு நன்றாகப் பொருந்தும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

## பள்ளிப் பிள்ளைகளுக்கு

13 வயதிலிருந்து லீஃப்லெட், பேப்பர் போடுவது போன்ற இலேசான வேலையை அனுமதிக்கிறார்கள். பெரும்பாலான கவுன்சில்களில் வேலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் காப்பீடு பொருந்தாமல் போகலாம். காலை 7க்கு முன்னும் மாலை 7க்குப் பின்னும் கூடாது. பள்ளி நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் 2 மணி நேரம், பள்ளி நடக்கும் வாரத்தில் மொத்தம் 12 மணி நேரம்தான். பள்ளி விடும் வயதுக்குக் கீழே குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. இந்த வயதில் பேப்பர் ரவுண்டு மேல்: வீடுகள் குறைவு, நேரம் குறிப்பானது, கடைக்காரர் பக்கத்திலேயே இருப்பார். 20 கிலோ கட்டு வரும் லீஃப்லெட் ரவுண்டைப் பிள்ளையின் பெயரில் எடுத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் சேர்ந்து முடிப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

## போடுவதென்று முடிவெடுத்தால்

விரலைக் கதவுப்பெட்டிக்குள் விடாதீர்கள். உள்ளே நாய் குரைக்காமல் காத்திருக்கும். ஒரு தட்டையான மரக்கரண்டியால் தாளை முழுதாக உள்ளே தள்ளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தூரிகை நாரில் சிக்கிக் கசங்காமலும் போகும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாள், வீட்டில் ஆளில்லை என்று திருடனுக்குச் சொல்லும்; அதனால் வரும் புகார் உங்கள் கூலியைத் தின்னும்.

கதவுப்பெட்டியின் உயரம் 70 சென்டிமீட்டருக்கும் 170 சென்டிமீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரவரையறை சொல்கிறது. பழைய கதவுகள் அதற்கு முந்தியவை, பல பெட்டிகள் தரையோரம் இருக்கும். இடுப்பை வளைக்காமல் முட்டியை மடித்துக் குனியுங்கள். கனமான தாளைத் தோள்பையில் 5 கிலோவுக்கு மேல் ஏற்றாமல் மீதியை ட்ராலியில் வையுங்கள்.

தெருவின் ஒரு பக்கம் முழுவதும் போய், மறுபக்கம் திரும்பி வாருங்கள். குறுக்கே மாறி மாறிப் போனால் நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். வாகனத்துக்காக நின்று நின்று போவதில் அது கரைந்துவிடும், எந்த வீட்டை விட்டோம் என்பதும் மறக்கும். புல்தரையைக் கடக்காதீர்கள், கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். விளம்பரத் தாள் வேண்டாம் என்று ஒட்டியிருந்தால் விட்டுவிட்டு வீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்ககங்களில் தபால்காரர்களுக்கான பொது பொத்தான் பெரும்பாலும் காலையில் மட்டும் வேலை செய்யும். அவற்றை முதலில் முடியுங்கள்.

நனைந்த தாள் செருகாது, ஒட்டிக்கொள்ளும், பிறகு காயவைத்தாலும் போட முடியாது. நூறு நூறாக நெகிழிப் பையில் கட்டி வைத்து, ஒரு கட்டை மட்டும் வெளியே எடுங்கள். மிஞ்சிய தாளை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்து, திருப்பியதைக் குறித்து வாங்குங்கள். குப்பைத்தொட்டியிலோ புதரிலோ போட்டால் அது சட்டவிரோதக் குப்பை. கூலி போவதோடு நிற்காது.

முதல் ரவுண்டில் மூன்று நேரங்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: அடுக்கியது, போய்வந்தது, நடந்தது. கிடைத்த தொகையிலிருந்து பஸ் காசைக் கழித்து மொத்த மணியால் வகுங்கள். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வந்து, நிறுவனம்தான் உங்கள் வேலையை நடத்துகிறது என்றால், அந்தக் குறிப்புத்தாளை எடுத்துக்கொண்டு வேலை உரிமை ஆலோசனை அமைப்பான ஏகாஸின் உதவி எண் 0300 123 1100ஐ அழையுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஒப்பந்தம், கூலி வந்த வங்கிக் குறிப்பு, நடைப்பாதைப் பதிவு, நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்திகள் நான்கையும் அழைக்கும் முன் தேதி வாரியாக எடுத்து வையுங்கள்.